ஓவர்லுக் ஹோட்டல் எரிந்ததா, இல்லையா?

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' நாவலைப் படித்தவர் ஒருவரையும், அதே பெயரில் வந்த படத்தை மட்டும் பார்த்தவர் ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கதை முடியும்போது அந்த ஹோட்டல் என்ன ஆனது? படித்தவர் "வெடித்து, எரிந்து, சாம்பலாகிவிட்டது" என்பார். பார்த்தவர் "அப்படியேதான் நிற்கிறது, பனிக்கு நடுவில்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி. 40 வருடங்களுக்கும் மேலாக இந்தக் கதையின் ரசிகர்கள் ஓயாமல் வாதாடிக்கொண்டிருப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

புதிதாக இந்த வாதங்களை எட்டிப் பார்ப்பவருக்கு முதலில் ஒன்றும் பிடிபடாது. அறை எண் 217-ஆ 237-ஆ என்பதற்கு ஒரு சண்டை. கார் சிவப்பா மஞ்சளா என்பதற்கு இன்னொரு சண்டை. அப்பாவின் கையில் இருந்தது கோடரியா, மரச் சுத்தியலா? சமையல்காரர் பிழைத்தாரா, செத்தாரா? எல்லாமே சில்லறை விஷயங்களாகத் தெரியும். கொஞ்ச தூரம் உள்ளே போனால், இவ்வளவும் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன என்று புரியும். அந்தக் கேள்வியைப் புரியவைப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. அதற்காக முடிவுகள் உட்பட எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். கதை தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

1974-ல் கிங்கும் அவர் மனைவி டபித்தாவும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், எஸ்டஸ் பார்க் என்ற மலையூரில் உள்ள ஸ்டான்லி ஹோட்டலில் ஓர் இரவு தங்கினார்கள். குளிர்காலத்துக்காக ஹோட்டலை மூடப்போகிற நேரம். அவர்களைத் தவிர விருந்தினர் என்று சொல்ல அநேகமாக யாருமே இல்லை. தங்கிய அறையின் எண் 217. அன்றிரவு கிங்குக்கு ஒரு கனவு வந்தது. அவருடைய 3 வயது மகன் ஹோட்டலின் நீண்ட நடைவழிகளில் அலறிக்கொண்டு ஓடுகிறான். தீயணைப்புக் குழாய் ஒன்று அவனைத் துரத்துகிறது. திடுக்கிட்டு விழித்தவருக்கு அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. ஆனால் ஒரு நாவல் வந்துவிட்டது. 1977-ல் வெளியான அந்த நாவல்தான் 'தி ஷைனிங்'.

கதை எளியது. ஜாக் டாரன்ஸ் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒரு மாணவனை அடித்து வேலையை இழந்தவர். குடிகாரர். குடிபோதையில் ஒருமுறை தன் சின்ன மகனின் கையையே முறித்துவிட்டார். அந்தக் குற்றவுணர்வோடுதான் குடியை விட்டிருக்கிறார். கடைசி வாய்ப்பாக ஒரு வேலை கிடைக்கிறது: மலைமேல் இருக்கும் ஓவர்லுக் ஹோட்டலைக் குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். மனைவி வெண்டி, 5 வயது மகன் டேனி, ஜாக், மூன்றே பேர். பனி விழுந்து பாதை அடைபட்டால் வெளியே போக முடியாது. டேனிக்கு ஒரு சக்தி இருக்கிறது. பிறர் மனதில் இருப்பதும், நடந்ததும், நடக்கப்போவதும் அவனுக்குத் தெரியும். ஹோட்டலின் சமையல்காரர் டிக் ஹாலோரனுக்கும் கொஞ்சம் உண்டு. அவர்தான் அதற்கு 'ஷைனிங்' என்று பெயர் சொல்லித் தருகிறார். ஹோட்டலுக்கு அந்தப் பையன் வேண்டும். அவனை அடைய அது தேர்ந்தெடுக்கும் வழி, அவனுடைய அப்பா.

நாவலில் ஒரு பாய்லர் வருகிறது. ஹோட்டலின் அடித்தளத்தில் கிடக்கும் பழைய பாய்லர். அதில் அழுத்தம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். தினமும் மறக்காமல் இறங்கிப்போய் வால்வைத் திறந்து நீராவியை வெளியே விட வேண்டும். மறந்தால் கட்டடமே போய்விடும் என்று முதல் நாளே ஜாக்கிடம் எச்சரிக்கிறார்கள். குடியை விட்ட ஒரு மனிதன், கோபத்தை அடக்கப் பழகும் ஒரு மனிதன், தினமும் அந்த இருட்டுக்குள் இறங்கி அழுத்தத்தை இறக்கிவிட்டு வருகிறான். இதற்கு மேல் விளக்கம் எதற்கு? கிங் அப்போது தானே குடியோடு போராடிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று உணராமலே இந்த நாவலை எழுதியதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

நாவலின் கடைசியில் ஜாக் முழுக்க ஹோட்டலின் பிடியில். மகனைக் கொல்ல நீண்ட மரச் சுத்தியலோடு வந்து நிற்கிறார். அந்த இடத்தில், சில நொடிகளுக்கு மட்டும், உள்ளே எங்கோ புதைந்துகிடந்த அப்பா மேலே வருகிறார். ஓடிப்போ, நான் உன்மேல் எவ்வளவு அன்பு வைத்திருந்தேன் என்பதை மறக்காதே என்று மகனிடம் சொல்கிறார். அப்புறம் மறுபடியும் மூழ்கிவிடுகிறார். அப்பா மறந்த ஒன்றை மகன் நினைவு வைத்திருக்கிறான்: பாய்லர். அன்று யாரும் அதைத் திறந்துவிடவில்லை. ஜாக்கின் உடம்பில் இருப்பது அடித்தளத்துக்கு ஓடுகிறது. நேரம் கடந்துவிட்டது. ஓவர்லுக் வெடித்து எரிகிறது. வெண்டி, டேனி, அவர்களைக் காப்பாற்ற வந்த ஹாலோரன், மூவரும் பிழைக்கிறார்கள்.

இனி 1980-க்கு வருவோம். ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய படம். திரைக்கதையை நாவலாசிரியர் டயேன் ஜான்சனோடு சேர்ந்து எழுதினார். உட்புறங்களை இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் கட்டினார்கள். வெளித்தோற்றத்துக்கு ஒரிகன் மாநிலத்தின் டிம்பர்லைன் லாட்ஜ். அறை எண் மாறியது அங்கேதான். நாவலில் பேய் இருக்கும் அறை 217. படம் வந்தால் தங்கள் 217-ல் யாரும் தங்க மாட்டார்களோ என்று லாட்ஜ் நிர்வாகம் பயந்து, தங்களிடம் இல்லாத 237-ஐ வைத்துக்கொள்ளச் சொன்னது. ஆக, ரசிகர்கள் அதிகம் பேசும் அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு வியாபாரக் கவலை.

மற்ற மாற்றங்கள் அப்படிப்பட்டவை அல்ல. படத்தில் ஹோட்டல் எரிவதில்லை. பாய்லர் இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்துக்கொள்வது வெண்டி. ஜாக்கோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. அவர் கையில் மரச் சுத்தியலுக்குப் பதில் கோடரி. ஹாலோரன் அவ்வளவு தூரம் பனியில் வந்து, ஹோட்டலுக்குள் நுழைந்ததும் வெட்டிக் கொல்லப்படுகிறார். ஜாக், செடிகளால் ஆன சுற்றுவழிப் புதிருக்குள் மகனைத் துரத்தி, வழி தெரியாமல் உறைந்து சாகிறார். 'ஓடிப்போ' என்று சொல்லும் அந்த நொடி படத்தில் கிடையாது. கடைசியில் ஹோட்டல் சுவரில் 1921 ஜூலை 4 நடன விருந்தின் புகைப்படம், நடுவில் சிரித்தபடி ஜாக்.

சண்டை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. நாவல் கேட்பது இது: நல்லவனாக இருக்க மிகவும் முயன்ற ஒருவன் எப்படி உடைகிறான்? படம் கேட்பது வேறு: இவன் உள்ளே ஆரம்பத்திலிருந்தே என்ன இருந்தது? படத்தின் ஜாக், வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்திருக்கும்போதே நமக்கு ஏதோ சரியில்லை. மலைப்பாதையில் குடும்பத்தோடு காரில் வரும்போதே அவர் குரலில் சலிப்பு. கிங்குக்குப் படம் பிடிக்காமல் போனதன் முக்கியக் காரணம் இதுதான். விழுவதற்கு உயரம் இல்லாத ஒருவன் விழுவதில் என்ன துயரம் இருக்கிறது என்பது அவர் தரப்பு. பார்க்க அழகான கார், உள்ளே எஞ்சின் இல்லை என்ற பொருளில் படத்தைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நான் படத்தை முதலில் பார்த்துவிட்டு நாவலுக்குப் போனவன். படித்து முடித்த இரவு எனக்குப் பயம் வரவில்லை, அழுகை வந்தது. படத்தைப் பார்த்த இரவில் வீட்டு நடைவழியில் விளக்கை அணைக்க முடியவில்லை. இரண்டும் உண்மையான அனுபவங்கள். ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்கவில்லை.

சரி, இப்போது கருத்துக்கு வருவோம். ஒரு நூலைப் படமாக்குவதைத் தழுவல் என்கிறோம். நல்ல தமிழ்ச் சொல் அது. தழுவுகிறவருக்கும் கைகள் உண்டு, ஓர் உடம்பு உண்டு. அப்படியே பிரதி எடுப்பது தழுவல் ஆகாது. ரசிகர்கள் முதலில் தூக்கிப் பிடிக்கும் அளவுகோல் விசுவாசம்: மூலத்தில் இருந்தது திரையில் இருக்கிறதா? இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் உதவும் என்று பார்க்க, இந்தக் கதையிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது.

1997-ல் கிங்கே திரைக்கதை எழுதி, மிக் கேரிஸ் இயக்கத்தில், ஏபிசி தொலைக்காட்சியில் மூன்று பகுதிகளாக 'தி ஷைனிங்' மறுபடி வந்தது. கிங் கனவு கண்ட அதே ஸ்டான்லி ஹோட்டலில் எடுத்தார்கள். மரச் சுத்தியல் இருந்தது, 217 இருந்தது, பாய்லர் வெடித்தது. இதைவிட விசுவாசமாக எடுக்க முடியாது. ஆனாலும் குப்ரிக்கின் படம் மனதில் தங்கியதுபோல இது தங்கவில்லை.

ஏன் என்று ஒரே ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன். நாவலில் ஹோட்டல் முற்றத்தில் விலங்குகளின் வடிவத்தில் வெட்டிய புதர்கள் உண்டு. நாய், முயல், சிங்கங்கள். ஜாக் அவற்றைப் பார்க்கும்போது அசையாது. முகத்தைத் திருப்பினால், பின்னாலிருந்து பொத்தென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் எல்லாம் முன்பு போலவே, ஆனால் கொஞ்சம் பக்கத்தில். படிக்கும்போது அந்த அசைவை நாம் பார்ப்பதே இல்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் அது நடந்துவிடுகிறது. பயம் முழுக்க அந்த இடைவெளியில்தான். 1997 தொடரில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் மூலம் புதர்களை அசைத்துக் காட்டினார்கள். அசைவைக் காட்டிய நொடியில் பயம் போய்விட்டது. எழுத்தில் இருந்ததை அப்படியே கொண்டுவந்தார்கள், எழுத்து செய்த வேலை வரவில்லை. குப்ரிக் அந்த விலங்குகளைத் தூக்கிவிட்டுச் சுற்றுவழிப் புதிரை வைத்தார். நாவலுக்குத் துரோகம்தான். ஆனால் வெளியே போகும் வழி தெரியாமல் திரும்பித் திரும்பி ஓடும் அந்தப் பயம், கேமரா செய்யக்கூடிய வேலை.

ஆகவே யாராவது 'படம் நாவல் மாதிரி இல்லை' என்று சொன்னால், அடுத்துக் கேட்க வேண்டியது: எது மாதிரி இல்லை? சம்பவமா, பயமா, மனிதர்களா? சம்பவம் மாறுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மனிதர்கள் மாறும்போதுதான் வாசகர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

வெண்டி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலின் வெண்டி உறுதியானவர். எலும்பு முறிய அடிபட்ட பிறகும் எதிர்த்து நிற்கிறார். படத்தில் ஷெல்லி டுவால் நடித்த வெண்டி நடுங்குகிறார், அழுகிறார், அலறுகிறார். கத்துவதற்கு மட்டுமே இந்தப் பாத்திரம் என்று கிங் வருத்தப்பட்டார். படம் வந்தபோது மோசமான நடிப்புக்கான ராஸி விருதுப் பட்டியலில் டுவாலின் பெயரைச் சேர்த்தார்கள். இங்கே நான் கிங்கோடு உடன்படவில்லை. அழுதுகொண்டே அந்தப் பெண் என்னென்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். பேஸ்பால் மட்டையால் கணவனை அடித்து வீழ்த்துகிறார். மயங்கியவரை இழுத்துக்கொண்டு போய்ச் சரக்கறையில் போட்டுப் பூட்டுகிறார். குறுகலான ஜன்னல் வழியாக மகனைத் தள்ளி வெளியேற்றுகிறார். கதவு உடைந்து கை உள்ளே வரும்போது கத்தியால் வெட்டுகிறார். கடைசியில் மகனோடு தப்பிக்கிறார். பயம் இல்லாதவர் செய்வதல்ல இது, பயத்தோடு செய்வது. 2022-ல் அந்த ராஸிப் பரிந்துரையை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ரசிகர்களின் பார்வை இத்தனை வருடங்களில் மெல்ல மாறியதற்கு அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம்.

சிவப்புக் கார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பார்கள். நாவலில் டாரன்ஸ் குடும்பத்தின் ஃபோக்ஸ்வாகன் சிவப்பு. படத்தில் மஞ்சள். ஹாலோரன் பனிப்புயலில் ஹோட்டலை நோக்கி வண்டி ஓட்டி வரும்போது வழியில் ஒரு விபத்து. கவிழ்ந்த லாரியின் அடியில் ஒரு சிவப்பு ஃபோக்ஸ்வாகன் நசுங்கிக்கிடக்கிறது. 'உங்கள் வண்டியை விட்டு இறங்கிவிட்டேன், இனி இது என் வண்டி' என்று கிங்குக்குக் குப்ரிக் சொன்ன செய்தி அது என்பது ரசிகர்களின் வாசிப்பு. இப்படி நோண்டுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2012-ல் 'ரூம் 237' என்று ஓர் ஆவணப்படமே வந்தது. நிலவில் மனிதன் இறங்கியதைக் குப்ரிக்தான் போலியாகப் படமெடுத்தார், அதை இதில் மறைமுகமாக ஒப்புக்கொள்கிறார் என்று நம்புகிறவரும் அதில் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு படத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கும் மனிதர்கள்மேல் எனக்குப் பிரியம் உண்டு.

அடுத்த கருத்து, கேனன். ரசிகர்கள் பேச்சில் அடிக்கடி வரும் சொல். ஒரு கதையுலகில் 'உண்மையிலேயே நடந்தது' என்று எதை ஏற்கிறோமோ அது கேனன். எழுதியவர் சொன்னதுதான் கேனன் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மக்கள் மனதில் அது அப்படி நடப்பதில்லை. பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா லண்டன் தெருவில் பகலிலேயே நடமாடுகிறார். சக்தி குறையும், அவ்வளவுதான். வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி அழியும் என்பது 1922-ல் வந்த 'நாஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப்படம் கொண்டுவந்தது. இன்று அதைத்தான் எல்லோரும் 'ஒரிஜினல்' விதி என்று நினைக்கிறார்கள். ஷைனிங்கிலும் இதேதான். டைப்ரைட்டரில் பக்கம் பக்கமாக ஒரே வரி அடித்து வைத்திருப்பது, லிஃப்டிலிருந்து கொட்டும் ரத்த வெள்ளம், இரட்டையர் போல நிற்கும் சிறுமிகள், இவை எவையும் நாவலில் அப்படிக் கிடையாது. கதையைக் கேள்விப்பட்டவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இவைதான்.

கேனன் இரண்டாகப் பிரிந்து கிடந்தவரை பிரச்சினை இல்லை. நாவல் ஒருபக்கம், படம் ஒருபக்கம். தொடர்ச்சி என்று ஒன்று வரும்போதுதான் யாராவது ஒருவர் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது.

2013-ல் கிங் 'டாக்டர் ஸ்லீப்' எழுதினார். டேனி இப்போது நடுவயது டேன். அப்பாவின் கோபமும் குடியும் அவனுக்கும் வந்திருக்கின்றன. அதிலிருந்து மீண்டு, சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் வேலை செய்கிறான். தன் சக்தியால் அவர்கள் நிம்மதியாகக் கண்மூட உதவுகிறான். அதனால்தான் அந்தப் பெயர். ஆப்ரா என்ற சிறுமிக்கு அவனைவிட அதிக சக்தி. அத்தகைய குழந்தைகளைக் கொன்று அவர்களின் சக்தியை உறிஞ்சி வாழும் ஒரு கூட்டம் அவளைத் தேடி வருகிறது. இது கிங்கின் தொடர்ச்சி, ஆகவே இதில் ஓவர்லுக் எப்போதோ எரிந்துபோய்விட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு முகாம் மைதானம். தன் நாவல் சொல்வதுதான் டாரன்ஸ் குடும்பத்தின் உண்மை வரலாறு என்று நூலின் பின்குறிப்பிலேயே கிங் தெளிவாக எழுதிவிட்டார்.

இதைப் படமாக்க வந்தவர் மைக் ஃபிளனகன். அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தியேட்டருக்கு வருகிறவர்களில் பலர் மனதில் இருப்பது குப்ரிக்கின் ஹோட்டல். அது எரியவே இல்லை. கையில் இருப்பது கிங்கின் நாவல். அதில் ஹோட்டலே இல்லை. ஹாலோரன் நாவலில் உயிரோடு இருந்தவர், படத்தில் கோடரியால் செத்தவர். யார் பக்கம் நின்றாலும் மறுபக்கத்துக்குக் கோபம் வரும்.

2019-ல் வந்த அந்தப் படம் செய்த காரியத்தை நான் இன்றும் வியந்து நினைக்கிறேன். ஃபிளனகன் ஓவர்லுக்கை நிற்க வைத்தார். குப்ரிக்கின் ஹோட்டல் உட்புறங்களை அச்சுமாறாமல் மறுபடி கட்டினார். கிங்கிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டார். ஹாலோரனை ஆவியாகக் கொண்டுவந்தார். அப்புறம், யாரும் எதிர்பாராததைச் செய்தார். கிங்கின் 1977 நாவலில் இருந்து, குப்ரிக் விட்டுவிட்ட முடிவை எடுத்து மகனுக்குக் கொடுத்தார். இப்போது ஹோட்டலின் பிடியில் சிக்குவது டேன். கோடரியோடு ஆப்ராவைத் துரத்துவது டேன். ஒரு கணம் தெளிந்து அவளை ஓடச் சொல்வதும் டேன். பாய்லர் வெடிக்கக் காத்திருக்கிறது. 1977-ல் ஜாக் சொன்னதும், 1980-ல் ஜாக் சொல்லாமல் போனதும், 2019-ல் மகன் வாயிலிருந்து வருகிறது. நாவலில் பிழைத்த டேன் படத்தில் சாகிறான். ஆனால் ஓவர்லுக் எரிகிறது.

அதற்குச் சற்று முன்னால் ஒரு காட்சி. பாழடைந்த ஹோட்டலின் பாரில் டேன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே மதுவை ஊற்றித் தரும் பரிமாறுபவர், அப்பாவின் முகத்தோடு. கிளாஸ் முன்னால் இருக்கிறது. அம்மா செத்துப்போனதைப் பற்றி மகன் பேசுகிறான். எதிரே இருப்பவர் தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாததுபோல, குடி என்று மட்டும் சொல்கிறார். டேன் குடிக்கவில்லை. ஹென்றி தாமஸ் என்ற நடிகரை ஜாக்காக நடிக்க வைத்தார்களே தவிர, 1980 படத்தில் ஜாக்காக நடித்த ஜாக் நிகல்சனின் முகத்தை கம்ப்யூட்டரில் உருவாக்கி ஒட்டவில்லை. அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. நினைவில் இருக்கும் அப்பாவின் முகம் கொஞ்சம் மாறித்தானே இருக்கும்.

குப்ரிக் படத்தில் தனக்குப் பிடிக்காமல் இருந்தவற்றுக்கெல்லாம் இந்தப் படம் ஈடு செய்துவிட்டது என்று கிங் சொன்னார். வசூல் எதிர்பார்த்த அளவு வரவில்லை. ரசிகர்களின் வாதமும் நிற்கவில்லை. டேன் சாக வேண்டுமா என்பது இப்போது புதிய சண்டை. குடியிலிருந்து மீண்டவன் தொடர்ந்து வாழ்வதுதான் 2013 நாவலின் உயிர், அதைப் படம் பறித்துவிட்டது என்பார்கள் நாவல் பக்கம் நிற்பவர்கள். இந்த வாதத்தில் நான் அவர்கள் பக்கம். பார் காட்சியில் குடிக்காமல் எழுந்தவன், அடுத்த நாள் காலையையும் பார்த்திருக்கலாம்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை: 1977 நாவல், 1980 படம், 2013 நாவல், 2019 படம், இந்த வரிசை. நேரம் இருந்தால் கடைசியாக 1997 தொடர். 2019 படத்துக்கு சுமார் 3 மணி நேரம் ஓடும் இயக்குநர் பதிப்பு ஒன்றும் இருக்கிறது. கிடைத்தால் அதையே பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் 2019 படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள். அடித்தளத்தில் பாய்லர் உறுமும்போது, அது எத்தனை வருடம் கழித்து அந்த வேலையைச் செய்யப்போகிறது என்று தெரிந்து பார்க்க வேண்டும்.